நுரைக்குச் சொந்தக்காரி

அத்தியாயம் 5

"ஞாயித்துக்கிழமை பீர் காய்ச்சறவங்க சங்கக் கூட்டம். அதுக்குள்ள சங்கத்துல இருந்து அவ பேரை அடிக்கணும். எனக்கு ஒரே ஒரு ஆதாரம் போதும்," என்றார் அஸ்லாக் ஸ்கார்வே. "கொண்டு வருவீங்களா, மாட்டீங்களா?"

தோர்டிஸ் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். நார்வேயின் மேற்குக் கரைப் பண்ணைகளில் முப்பது வருஷம் பால் ஆய்வாளராக இருந்தவள் அவள். பாலில் தண்ணீர் கலந்தவன் யார் என்பதைக் கேனைத் திறக்கும்போதே, பாலைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. சுற்று வட்டாரத்தில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும், முதலில் அவளுக்குத்தான் போன் வரும்.

கூடவே வருகிறவன் ஜொஸ்தெயின். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவன். அவனுக்கு ஒரு காரும் ஒரு வாயும் உண்டு. மூன்றாவதாக வேறு ஏதாவது உண்டா என்பது இன்னும் தெரியவில்லை.

"இன்ஸ்பெக்டரம்மா, இது பீரா, இல்ல மரநாய் குளிச்ச தண்ணியா?" என்று கேட்டான் அவன்.

அஸ்லாக்கின் காது சிவந்தது. பள்ளத்தாக்கில் வீட்டு பீர் காய்ச்சுகிறவர்களில் பதினெட்டு வருஷமாக முதல் பரிசு அவருக்குத்தான். அவர் பீரை இப்படிச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. முன்னறையின் பெரிய ஜன்னலோரம், முப்பது லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி ஒன்று நின்றது. பீர் பொன் நிறத்தில் தகதகத்தது. வாசனைதான் அப்படி.

"யார் பேரை அடிக்கணும்?" என்று தோர்டிஸ் கேட்டாள்.

"குன்வோர் டெய்க். எதிர்க்கரைப் பண்ணை. பத்தொன்பது வருஷமா என் மேல கறுவிக்கிட்டே இருக்கா. போன சனிக்கிழமை எனக்கு அறுபது. ஊரே வந்துது. என் வாசப்படி மிதிக்காதவ அன்னிக்கு வந்தா. கேக்கைத் தொடல, காபியைத் தொடல. இந்த ஜாடி முன்னால கால் மணி நேரம் சாமி கும்பிடற மாதிரி நின்னுட்டுப் போயிட்டா. நேத்து மூடியைத் திறந்தேன். இந்த நாத்தம்! உள்ள என்னத்தையோ போட்டிருக்கா."

தோர்டிஸ் ஜாடியின் வாயைப் பார்த்தாள். ரப்பர் மூடி. அதில் காற்று வெளியேற ஒரு சிறு குழாய். மூடியைச் சுற்றி ஒட்டிக் கிழித்த நாடா, அதன் மேல் கையெழுத்து.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான். விருந்தாளிங்க கையை வச்சிடக் கூடாதுன்னு ஒட்டினேன்."

"விருந்தாளிங்க மேல எவ்வளவு பாசம்!" என்றான் ஜொஸ்தெயின்.

"நேத்து நீங்களே கிழிக்கற வரைக்கும் நாடா அப்படியே இருந்துதா?"

அஸ்லாக் யோசித்தார். "இருந்துது," என்றார் வேண்டா வெறுப்பாக.

"அப்ப அவங்க எப்படிப் போட்டாங்க? பார்வையாலேயா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

இந்தப் பீர் முழுதும் இங்கேதான் இருக்கிறதா என்று தோர்டிஸ் கேட்டாள். இல்லை என்றார் அஸ்லாக். போன வியாழக்கிழமை காய்ச்சியது மொத்தம் நூற்று முப்பது லிட்டர். நூறு லிட்டர் எப்போதும்போல நிலவறையில், மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம்மில். முளைகட்டிய பார்லியான அதே மால்ட், கசப்புக்குப் போடும் அதே ஹாப்ஸ் பூ, அதே ஜூனிபர் கிளை, அதே ஈஸ்ட். அது தேன் மாதிரி இருக்கிறதாம்.

"அதுல ரெண்டு கிளாஸ் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். ஒன்றை அவள் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். இன்னொன்றை ஜன்னல் விளிம்பில், வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து, "காபி கிடைக்குமா?" என்றாள்.

காபியும் வாஃபிளும் பழுப்புச் சீஸும் வந்தன. ஜூன் மாத வெயில் எங்கள் ஊரில் விடிய விடியப் போகாத விருந்தாளி. ஜன்னலில் குந்தினால் நகராது. தோர்டிஸ் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு மர அகப்பை மாட்டியிருந்தது. படகுத் துடுப்பு நீளம். கைப்பிடியில் 'ஸ்கார்வே' என்று செதுக்கியிருந்தது.

"அழகா இருக்கு. சூப் ஊத்தவா?"

"ஈஸ்ட் அள்ற அகப்பை. எங்க அப்பாவோடது. இப்ப சும்மா அலங்காரத்துக்கு."

"ஏன், நீங்க எப்படி அள்ளுவீங்க?"

அஸ்லாக்கின் முகம் மலர்ந்தது. பீரைப் பற்றிக் கேட்டால் பகைவனையும் உட்காரவைத்துப் பேசுகிற மனுஷன். "ரெண்டாம் நாள் விடியக்காலையில, மேல நுரையோட மிதக்கறதை ஒரு சின்னக் கரண்டியால வழிச்சு எடுத்துடுவேன். அடியில நிக்கறது வெறும் சேறு. எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்து வர்ற குடும்ப ஈஸ்ட் இது. வேற யார்கிட்டயும் கிடையாது."

"ஓஹோ," என்றாள் தோர்டிஸ். அந்த 'ஓஹோ'வை ஜொஸ்தெயினுக்குத் தெரியும். வாஃபிளை மெல்வதை நிறுத்தினான்.

அரை மணி ஆயிற்று. அலமாரிக் கிளாஸை அவள் அஸ்லாக்கிடம் நீட்டினாள். முகர்ந்தார், குடித்தார், தலையாட்டினார். ஜன்னல் கிளாஸை நீட்டினாள். மூக்கருகே கொண்டுபோனவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மரநாய்!" என்றான் ஜொஸ்தெயின், எட்டிப் பார்த்து. "அரை மணியிலேயே குட்டி போட்டுடுச்சு!"

"குற்றவாளி அதோ, உங்க ஆப்பிள் மரத்துக்கு மேல நிக்கறான்," என்றாள் தோர்டிஸ் வானத்தைக் காட்டி. "ஹாப்ஸ் போட்ட பீர்ல வெயில் பட்டா இப்படித்தான் நாறும். பாட்டில்ல விக்கறவங்க ஏன் பழுப்புக் கண்ணாடியில அடைக்கறாங்க? நாப்பது வருஷமா நீங்க மரப் பீப்பாயிலயும் பிளாஸ்டிக் டிரம்லயும், அதுவும் நிலவறையில காய்ச்சினீங்க. உங்க பீர் சூரியனைப் பார்த்ததே இல்ல. முதல் தடவையா கண்ணாடியில ஊத்தினீங்க, ஊருக்குக் காட்ட ஜன்னல்ல வச்சீங்க. ஆறு நாள். யாரும் எதையும் போடல."

அஸ்லாக் ஜாடியை முறைத்தார். தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் சிலருக்குக் கோபம் இறங்கும். இவருக்கு ஏறியது.

"இந்தக் கண்ணாடியை நான் வாங்கல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால படகுத்துறையில மரப்பெட்டியோட வந்து கிடந்துது. 'அஸ்லாக்குக்கு, அறுபதுக்கு'ன்னு அச்செழுத்துல ஒரு சீட்டு. அனுப்பினவங்க பேரு இல்ல. நான் வாங்கின பரிசுக்கு யாரோ மரியாதை பண்ணியிருக்காங்கன்னு நினைச்சேன். இப்பத்தானே புரியுது! வேணும்னே அனுப்பியிருக்கா. யாருன்னு நிரூபிங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"நிரூபிக்கறேன். பெட்டி எங்க?"

"கொட்டகையில."

"அதையும் ஜாடியையும் எடுத்துட்டுப் போகலாமா? உள்ள இருக்கறதோட."

"எடுத்துட்டுப் போய்த் தொலைங்க!"

*

கார், நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல்கழியைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போயிற்று. நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. பின் சீட்டில் ஜாடி, மூடியையும் மீறி மணத்துக்கொண்டு, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"என் மாமியாரைக் கூட நான் இப்படி மரியாதையா கூட்டிட்டுப் போனதில்ல," என்றான் ஜொஸ்தெயின். "எங்க போறோம்னு சொல்லுங்க. மூக்கு உயிரோட இருக்கும்போதே போயிடலாம்."

"பிளாஸ்டிக் டிரம்மைப் பரிசா அனுப்பறதுன்னா என்ன பண்ணுவே?"

"உருட்டி விட்டுடுவேன்."

"கண்ணாடின்னா?"

"பொத்திப் பொத்தி... ஓ!"

தோர்டிஸ் மடியிலிருந்த மரப்பெட்டிக்குள் கைவிட்டு, ஜாடி உடையாமல் இருக்க அடைத்திருந்ததை ஒரு பிடி எடுத்து நீட்டினாள். ஆட்டு ரோமம். கருஞ்சாம்பல் நிறம், முடி நீளம்.

"பேரை எழுதாதவங்க வீட்டுல கிடைச்சதை வச்சு அடைச்சிருக்காங்க. இந்த ஜாதி ஆடு இந்தக் கழிக்கரையில யார்கிட்ட இருக்கு?"

ஜொஸ்தெயின் ரோமத்தை ஒரு தடவைதான் பார்த்தான். "இதுங்க ரோட்டைக் கடக்கறதுக்காக இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸை நிறுத்தியிருக்கேன். ஒவ்வொண்ணோட முகமும் தெரியும். டெய்க் பண்ணை. குன்வோர்." பிறகு மெதுவாக, "அப்ப அஸ்லாக் சொன்னது சரிதானா, இன்ஸ்பெக்டரம்மா? அவ மாட்டிக்கிட்டாளா?"

"பார்ப்போம்," என்றாள் தோர்டிஸ்.

குன்வோர் டெய்க் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது, ஒட்டிய கன்னம், வாயில் மூன்று ஆணி. பின் சீட்டில் இருந்த ஜாடியைப் பார்த்ததும் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள்.

"வந்துட்டீங்களா? ஆமா, நான்தான் அனுப்பினேன்."

"கொஞ்சமாவது மறுங்கம்மா," என்றான் ஜொஸ்தெயின். "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எங்களுக்கு மதிப்பு என்ன இருக்கு?"

"பீரைக் கெடுக்கவா அனுப்பினீங்க?" என்று கேட்டாள் தோர்டிஸ்.

"பார்க்க அனுப்பினேன்."

கேளுங்கள், கண்ணுகளா. இங்கேதான் கதையின் முடிச்சு. குன்வோர் சொன்னது இது.

எங்கள் பக்கத்தில் ஈஸ்ட்டைக் கடையில் வாங்க மாட்டார்கள். அது வீட்டோடு பிறந்தது. ஒரு தடவை காய்ச்சியதிலிருந்து எடுத்து அடுத்த தடவைக்கு வைப்பார்கள். தன் ஈஸ்ட் செத்துப்போனால் என்ன செய்வது? தான் எப்போதோ கொடுத்த பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. எழுதாத சட்டம். குன்வோரின் அப்பா ஹல்வார், சாவதற்கு முந்தின வருஷம் அஸ்லாக்குக்கு ஒரு ஜாடி ஈஸ்ட் கொடுத்தார். அவர் செத்த இலையுதிர்காலத்தில் வெள்ளம் வந்து டெய்க் வீட்டு நிலவறை மூழ்கியது. வைத்திருந்த ஈஸ்ட் எல்லாம் போயிற்று. குன்வோர் கழியைச் சுற்றி நடந்துபோய் அஸ்லாக்கின் வாசலில் நின்று கேட்டாள்.

"'உங்க அப்பாவோட அதுவும் செத்துப்போச்சு'ன்னான்," என்றாள் அவள். "கறுப்பு உடுப்பு கூட நான் இன்னும் மாத்தல. அடுத்த வருஷம் முதல் பரிசு வாங்கினான். ஒரு வாய் குடிச்சேன். எங்க அப்பா எதிர்ல உட்கார்ந்து பேசற மாதிரி இருந்துது. ஆனா நாக்கு போய் சாட்சி சொல்லுமா? அவன் டிரம் பிளாஸ்டிக். மூடி இருக்கு. நிலவறைக்குப் பூட்டு இருக்கு. உள்ள என்ன கொதிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பார்த்தா தெரியுமா?"

"எங்க ஈஸ்ட் கட்டி கட்டியா மேல ஏறும். பால் திரிஞ்ச மாதிரி. கழுத்துல போய் முட்டும், இறங்கும், திரும்ப ஏறும். அஸ்லாக் அப்பாவோடது கல்லு மாதிரி அடியில போய்ப் படுத்துக்கும். இங்க இருக்கற கிழடுங்க எல்லாருக்கும் தெரியும்."

"அதான் அகப்பை," என்றாள் தோர்டிஸ்.

"எந்த அகப்பை?" என்றான் ஜொஸ்தெயின்.

"சுவத்துல மாட்டியிருந்ததே. மேல மிதக்கறதை அள்ள சாண் நீளக் கரண்டி போதும். துடுப்பு மாதிரி அகப்பை எதுக்கு? பீப்பாயோட அடியைத் தொட. ஸ்கார்வே வீட்டு ஈஸ்ட் அடியில படியறது. இவர் மேல வழிச்சு எடுக்கறேங்கறார். அப்ப அது அவங்க வீட்டுதே இல்ல."

குன்வோர் முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "கண்ணாடி ஜாடி கொடுத்தா நிலவறையில வைக்க மாட்டான்னு தெரியும். அவனுக்கு ஜன்னல் வேணும், பார்க்க ஊரு வேணும். சனிக்கிழமை போனேன். பத்தொன்பது வருஷம் கழிச்சுப் பார்த்தேன். ஏறி, இறங்கி, ஏறி... அங்கேயே அழுதிருப்பேன். அவன் முன்னால அழக் கூடாதுன்னு வந்துட்டேன்."

"அன்னிக்கே எல்லார் எதிரிலயும் கேட்டிருக்கலாமே?"

"பொறாமைக்காரின்னு சொல்லி கேக் ஊட்டி அனுப்பியிருப்பாங்க."

தோர்டிஸ் அவளைக் கூர்ந்து பார்த்தாள். "வெயில் பட்டா பீர் கெடும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் குன்வோர். "நாறினாத்தானே நாலு பேரு வந்து மூக்கை நுழைப்பாங்க."

*

தோர்டிஸ் அந்த வழக்கில் ஒரே ஒரு முட்டாள்தனம் செய்தாள். புறப்படும் முன் அஸ்லாக்குக்குப் போன் செய்தாள்.

"அனுப்பினது குன்வோர்தான். அவங்களையும் கூட்டிட்டு வர்றோம். உங்க ஈஸ்ட்டைப் பத்தி ஒரு கேள்வி இருக்கு," என்றாள்.

சுற்றுவழியில் இருபது நிமிஷம். கெட்ட மனசுக்கு இருபது நிமிஷம் தாராளம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கார்வே பண்ணையின் நிலவறைப் படியில் ஆவி புகைந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. நூறு லிட்டர் நல்ல பீர் புல்வெளியில் ஓடி, கோழிகள் அதில் தள்ளாடின. தொட்டியில் ஏழெட்டு ஈஸ்ட் ஜாடிகள். எல்லாவற்றிலும் கொதிக்கிற வெந்நீர். அடுத்த தடவைக்கென்று ஈஸ்ட்டில் தோய்த்துக் காயவைத்திருந்த வைக்கோல் வளையங்கள் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தன.

அஸ்லாக் கையில் கெட்டிலோடு நின்றார். வியர்வை வழிந்தது. ஆனால் சிரித்தார்.

"ஈஸ்ட்டா? எந்த ஈஸ்ட்? வா குன்வோர், வந்து தேடு. உங்க அப்பன் ஈஸ்ட்டா, எங்க அப்பன் ஈஸ்ட்டான்னு இனி கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. எனக்கு இல்லேன்னா உனக்கும் கிடையாது."

குன்வோர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஜாடியைத் தூக்கினாள். சுட்டது, விடவில்லை. உள்ளே வெந்த மாவு போல வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. "அப்பா," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

தோர்டிஸுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. முப்பது வருஷத்தில் ஒரு பண்ணைக்காவது முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போயிருக்கிறாளா?

"அட மனுஷா!" என்றான் ஜொஸ்தெயின். அவன் வாயில் அன்று வந்த ஒரே நேரான வார்த்தை அதுதான். பிறகு பழைய ஆளாகி முணுமுணுத்தான். "தேனா இருந்ததைக் கொட்டிட்டான். நாறறது மட்டும் என் கார்ல பத்திரமா இருக்கு. என் ஜாதகம்!"

தோர்டிஸ் சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னே?"

"என் ஜாதகம்னு..."

"அதுக்கு முன்னால."

"நாறறது என் கார்ல இருக்குன்னேன்."

"வெயில் எதைக் கெடுத்துது, ஜொஸ்தெயின்?"

"பீரை."

"ஈஸ்ட்டை?"

 நான்கு பேரும் ஒரே நேரத்தில் காரைப் பார்த்தார்கள். பின் சீட்டில், சீட் பெல்ட்டுக்குள், பொன்னிறப் பீர். அதன் அடியில், நொதித்து முடிந்து ஓய்ந்து இறங்கிய வெள்ளைப் படிவு, இரண்டு விரல் கனம். கண்ணாடி என்பதால் முற்றத்தில் நின்றே தெரிந்தது.

அஸ்லாக் கெட்டிலோடு ஓடினார். அறுபது வயதுக்கு நல்ல ஓட்டம். ஜொஸ்தெயின் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். காரின் நான்கு ஜன்னலும் ஏறி, நான்கு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன.

"'எடுத்துட்டுப் போய்த் தொலைங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் அவன். "தொலைச்சாச்சு."

*

குன்வோர் அந்த நாற்றப் பீரை அன்றைக்கே கொட்டிவிட்டு, அடியில் இருந்த படிவை ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்தாள். ஜாடியைக் கழுவினாள். பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த மணம் சுவரில் ஏறியிருக்கும். கண்ணாடி மறுகழுவலில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை புதிதாகக் காய்ச்சி அதே ஜாடியில் ஊற்றி, வெயில் வராத சமையலறை மூலையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் அவள் சமையலறையில் நடந்தது. கட்டிகள் ஏறின, கழுத்தில் முட்டின, இறங்கின. எண்பத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, "ஹல்வார்!" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

அஸ்லாக்கைச் சங்கத்திலிருந்து நீக்கலாம் என்றார்கள். குன்வோர் வேண்டாம் என்றாள்.

"இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வரட்டும். காய்ச்ச ஒண்ணும் இல்லாத ஆளு, காய்ச்சறவங்க நடுவுல எப்படி உட்கார்ந்திருப்பான்னு நான் பார்க்கணும்."

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பார்த்தாள்.

செப்டம்பரில், ஆப்பிள் பறிக்கிற ஒரு பகல் வேளையில், அஸ்லாக் வந்தார். காட்டுப்பாதை வழியாகப் பின்பக்கம் வந்தார். கோட்டுக்குள்ளிருந்து மூடி போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். ஐஸ்கிரீம் டப்பா. தோர்டிஸும் ஜொஸ்தெயினும் அன்று ஆப்பிள் பறிக்க வந்திருந்தார்கள். ஏணியிலிருந்து இறங்காமல் பார்த்தார்கள்.

"கேக்க வந்தேன்," என்றார் அஸ்லாக்.

"கேளு."

"ஈஸ்ட் வேணும்."

"யார் வீட்டு ஈஸ்ட்?"

அவர் தொண்டையைச் செருமினார். "டெய்க்... டெய்க் வீட்டு ஈஸ்ட்."

"சத்தமா. மேல மேயற ஆடுங்களுக்குக் கேக்கல."

"டெய்க் வீட்டு ஈஸ்ட்!" என்று கத்தினார் அஸ்லாக். எதிர்க்கரை மலையில் பட்டு அது திரும்பி வந்தது.

கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. குன்வோர் சொல்லவில்லை. அவர் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்து, மூடி, வேலிக் கம்பத்தின் மேல் வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இருந்தது பளிங்கு மாதிரி துடைத்த ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே கட்டி கட்டியாய் ஈஸ்ட்.

அஸ்லாக் வாங்கிக் கோட்டுக்குள் செருகப் போனார். காட்டுப்பாதைப் பக்கம் திரும்பினார்.

"அந்த வழி இல்ல," என்றாள் குன்வோர். "ரோட்டு வழியா போ. இன்னிக்கு எல்லாத் தோட்டத்துலயும் ஆளு இருக்காங்க. புட்டியைக் கையில பிடி, உள்ள மறைக்காத. பீருக்குத்தான் வெயில் ஆகாது, அஸ்லாக். ஈஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது."